வல்லிக்குப் பதிலாக வண்டி ஏறியவள்

நடந்தவை, வரிசைப்படி:

1. மூன்று வயதில் வல்லி எங்கள் பால்வாடிக்கு வந்தாள். மணல்வாரி அம்மை கண்டு தேறிய பிள்ளை. கையில் கொடுத்த பொரிகடலையைக்கூட நழுவவிடுவாள்.

2. அவள் விரல்களுக்குப் பலம் வரட்டும் என்று, தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கழித்துப் போட்ட வெறுங்குச்சிகளை வைத்து ஒரு விளையாட்டு ஏற்படுத்தினேன்.

3. ஐந்து வயதில் அந்த விரல்களின் வேகத்தை ஆபீஸ் ஏஜெண்ட் பார்த்தார். வேலைக்குக் கேட்டார். தாய் சம்மதித்தாள்.

4. நான் தலையிட்டு வல்லியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

5. அதற்கு அடுத்த திங்கட்கிழமை, வல்லிக்குப் பதிலாக அவள் அக்கா பொன்னுத்தாய் வேலையாட்களை ஏற்றிப் போகும் ஆபீஸ் வண்டியில் ஏறினாள். எட்டு வயது. நான்காம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவள்.

இவற்றில் நான்காவதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நான் நல்ல வேலை செய்தவள். அந்த ஆண்டு அறிக்கையில் அதை மட்டும்தான் எழுதினேன். மேற்பார்வையாளர் அம்மாவும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். ஐந்தாவதை எழுத அறிக்கையில் இடம் இல்லை. பால்வாடிப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். பொன்னுத்தாய் எங்கள் பிள்ளை அல்ல.

அடுத்த மாதம் நான் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். பாலசேவிகா பயிற்சி முடித்து இதில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. இப்போது பயிற்சி முடித்துக் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகப்போகும் உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். எடை பார்ப்பது, கஞ்சி காய்ச்சுவது, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தட்டி கட்டுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

குச்சி விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். விரல் பயிற்சிக்கு மணி கோக்கச் சொல்லும் பாடப்புத்தகம். எங்களிடம் மணி இல்லை. புளியங்கொட்டை வைத்துப் பார்த்தோம். ஒரு பையன் மூக்கில் ஏற்றிக்கொண்டான். நானும் ஆயா சுப்பக்காவும் பட்ட பாட்டுக்குப் பிறகு கொட்டை வகை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் குச்சி நினைவுக்கு வந்தது. மருந்து முக்காத வெறுங்குச்சி. விழுங்க முடியாது, மூக்கில் நிற்காது, காசும் இல்லை. ஆபீஸில் குச்சிகளை வரிசையாகச் செருகி வைக்க வரி வெட்டிய மரக்கட்டைகள் உண்டு. உடைந்துபோன கட்டைகள் நாலைந்தைச் சுப்பக்கா வாங்கிவந்தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு குச்சி வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நீங்கள் இப்போதே முகம் சுளிக்கலாம். சுற்றிலும் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கட்டை அடுக்கப் போகிற ஊரில், பால்வாடியில் உட்கார்ந்து கட்டை அடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாளே என்று. எனக்கு அது தோன்றவே இல்லை. ஊரிலும் யாருக்கும் தோன்றவில்லை. குச்சி அந்த ஊரில் மண் மாதிரி, எங்கும் கிடக்கும்.

வல்லி முதல் மாதம் முழுவதும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு குச்சி வைத்தாள். ஆறு மாதத்தில் ஒரு கட்டையை நிறைத்தாள். கை தேறியதும் பேச்சும் வந்தது. ஒரு வருடம் கழித்து, நான் சொல்லும் கதையில் நரியை நான் மறந்துவிட்டால் "நரி எங்கன போச்சு?" என்று நிறுத்திக் கேட்கிற பிள்ளையாகிவிட்டாள்.

அவளைத் தினமும் இடுப்பில் தூக்கிவந்து விடுகிறவள் பொன்னுத்தாய். தூக்கிவந்த களைப்பு கொஞ்சமும் தெரியாது. வாசலில் நின்று எனக்கு ஊர்ச் செய்தி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

"டீச்சர், இவ ராத்திரி எங்கம்மா வெளக்குமாத்து ஈர்க்க எல்லாம் உருவி அடுக்கிட்டா. அம்மா அடிக்க வந்தா. நாந்தான் டீச்சர் சொல்லியிருக்காவன்னு சொல்லித் தப்பிக்க வச்சேன்."

"நான் எப்பட்டி சொன்னேன்?"

"சொல்லலதான். உங்க பேரச் சொன்னா அம்மா அடிக்க மாட்டா."

ஏஜெண்டை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதே ஊர்க்காரர். கெட்ட மனிதர் அல்ல. எங்களுக்குக் கழிவுக் குச்சியைச் சாக்கில் கட்டி அவரே சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். வல்லிக்கு ஐந்து வயதான சித்திரையில் ஒருநாள் அப்படி வந்தவர், சாக்கை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"இது யார் வீட்டுப் பிள்ளை?"

"கோமதி மக, அண்ணாச்சி," என்றாள் சுப்பக்கா.

"கையப் பாருங்களேன். ரெண்டு வருசம் ஆபீஸ்ல பழகுன பிள்ளை மாதிரில்லா அடுக்குது."

"எல்லாம் எங்க டீச்சர் பழக்குனது. நீங்க வந்ததுக்கு எந்திரிச்சாளா பாருங்க. கட்டை நிறையாம எந்திரிக்க மாட்டா."

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பொன்னுத்தாய்தான் சொன்னாள், வைகாசி முடிந்ததும் வல்லி வண்டிக்குப் போகப்போகிறாள் என்று. அன்று சாயங்காலமே கோமதி வீட்டுக்குப் போனேன்.

கோமதி தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தான். மழைக்காலத்தில்தான் ஊருக்கு வருவான். உத்தரத்தில் சேலைத் தொட்டில். அதில் பத்து மாதத்து ஆண் குழந்தை. தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுநுனி கோமதியின் கால் பெருவிரலில். கை பசை தடவும். கால் தொட்டிலை ஆட்டும். நான் குழந்தையை எட்டிப் பார்த்தேன். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டாயிற்று என்றாள். அத்துடன் குழந்தையை விட்டுவிட்டு நான் வந்த விஷயத்துக்கு வந்தேன்.

"வல்லிய ஆபீஸுக்கு அனுப்பப் போறியாமே, கோமதி."

"அண்ணாச்சி ரெண்டு தடவ கேட்டுட்டாவ. சரின்னுட்டேன்."

"அவளுக்கு அஞ்சு வயசுதான ஆகுது."

"நானும் அஞ்சு வயசுல அடுக்குனவதான் டீச்சர்."

"அம்மை கண்ட பிள்ளை. குளிர் காலத்துல இருமுதா. அந்த மருந்து வாடை ஒத்துக்கிடுமா?"

"மருந்துப் பக்கம் விடக்கூடாதுன்னு சொல்லித்தான் சம்மதிச்சேன். கட்டை அடுக்குத எடத்துலதான் உக்காத்தி வைப்பாவ."

ஏன் என்று கேட்டேன். சொன்னாள். ஆபீஸ் வண்டி ஒரு ஊருக்குள் வர வேண்டுமானால் வண்டி நிறைய வேண்டும். அதற்கு அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். வண்டிக்கு ஒரு கை, அதாவது வேலைக்கு ஓர் ஆள், அனுப்பும் வீட்டுக்குத்தான் வீட்டிலிருந்தே கூடு ஒட்டுவதற்கான சாமான் கட்டு வரும். அனுப்பாத வீட்டுக்கு வராது. மழை தப்பிய அந்த ஆண்டில் பருத்தியும் இல்லை, களையெடுப்பும் இல்லை. கூடு ஒட்டுவதுதான் வீட்டில் அடுப்பெரிய ஒரே வழி. மாசி வரைக்கும் கோமதியின் நாத்தனார் அந்த வீட்டுக் கையாக வண்டியில் போனாள். கல்யாணமாகிக் கடம்பூருக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அண்ணாச்சி, இப்போது பதில் கை கேட்கிறார்.

இதை எல்லாம் கவனமாகத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, நான் வரும்போதே மனதில் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வல்லி நல்லாப் படிக்கிற பிள்ளை. இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நானே கூட வாரேன்."

கோமதி கொஞ்ச நேரம் பேசவில்லை. கால்விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"சேத்துக்கிடுவாவளா?"

"சேத்துக்கிடுவாங்க. நான் பேசுதேன்."

"சரி, டீச்சர். உங்களுக்குத் தெரியாததா."

நான் கும்பிட்டு எழுந்துவந்தேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம். ஒரு தாய் 'சரி' என்று சொன்னால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிற வயது அது. அந்தச் சரிக்கு முன்னால் அவள் பேசாமல் இருந்த நேரத்தில் என்ன கணக்குப் போட்டாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. கோமதி கைக்குழந்தையோடு வந்தாள். பொன்னுத்தாய் வல்லியின் தலையில் எண்ணெய் வழிய வாரிவிட்டு, தானும் நான்காம் வகுப்புக்குத் தயாராக வந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். வல்லியின் விரல் காதுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

"தலையச் சாய்ட்டி, எட்டிரும்," என்றாள் பொன்னுத்தாய்.

தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, நீ அப்படித்தான் சேந்தியோ?"

"ஆமா சார். நீங்கதான் அன்னைக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஒரு வருசம் போகட்டும் டீச்சர். கை எட்டட்டும். ஒண்ணாம் வகுப்புல தரையில உக்காரவே எடமில்ல."

ஒரு வருடம் போனால் வல்லி திரும்ப வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தபால்காரர் முதல் சமையல்காரி வரை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குரல் உயர்த்தாமல் வரிசையாகச் சொன்னேன். அம்மையும் பசியும் கண்ட பிள்ளைக்குக் கை குட்டையாகத்தான் இருக்கும். கையின் நீளம் சாப்பாட்டைக் காட்டும், வயதைக் காட்டாது. இவள் ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்வாள். வட்டமும் சதுரமும் வரைவாள். இன்று என்ன கிழமை என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் கேட்கவில்லை. "வயசுக்கு நீங்க கையெழுத்துப் போடுதீங்களா?" என்றார்.

"போடுதேன் சார்."

"இவ எப்பப் பொறந்தா, தாயி?"

"கம்பு அறுக்கும்போது," என்றாள் கோமதி.

"கம்பு அறுக்கும்போதுன்னு எழுத முடியாதே." அவராகவே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். "பாதிப் பிள்ளைகளுக்கு இன்னைக்குத்தான் பொறந்தநாள். இவளுக்கும் இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். ஒரு பிள்ளையின் வயதைச் சரியாகத் தெரியாமல் உறுதி கூறிக் கையெழுத்திடுவது சரியா என்று யோசித்தேன். அன்று நான் எடுக்க வேண்டிய முடிவு அது ஒன்றுதான் என்று நினைத்தேன். உண்மையான முடிவு கோமதி வீட்டுத் தரையிலேயே எடுத்தாகிவிட்டிருந்தது. பொன்னுத்தாய் தங்கையை முதல் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்துப் பிள்ளையிடம் "இவளக் கிள்ளுனேன்னா இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பால்வாடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை வல்லியைக் கோமதி அழைத்துப் போனாள். இடுப்பில் கைக்குழந்தை.

"பொன்னுத்தாய் எங்க? காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"வண்டில போயிட்டா, டீச்சர்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "எந்த வண்டில?"

"ஆபீஸ் வண்டிலதான். ஒரு கை கொடுக்கணும்லா."

"நான் உங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கோமதி."

"நீங்க சின்னவளத்தான கேட்டீங்க. பெரியவளப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அவள் குரலில் கோபம் இல்லை. குற்றம் சொல்லவும் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை விளக்குவது போலச் சொன்னாள். "பெரியவ அஞ்சாப்பு முடிக்கட்டும், சின்னவ கட்டை அடுக்கட்டும்னுதான் நெனச்சிருந்தேன். சின்னவளுக்குப் படிப்பு ஏறுமான்னு எனக்குச் சந்தேகம். நீங்க வீடு தேடி வந்து இவதான் படிக்கிற பிள்ளைன்னீங்க. அப்ப பெரியவதான போகணும்? அவ உடம்பு தாங்கும்."

கோமதியிடம் ஒரு திட்டம் இருந்தது. அதைத் தலைகீழாக்கியது நான்.

மறுநாள் அண்ணாச்சியைப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அவர் ஆபீஸ் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார், கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். கடைசியில் சொன்னார்:

"உங்க பால்வாடிப் பிள்ளைய நான் தொடல, டீச்சர். நீங்க வேண்டாம்னீங்க, விட்டுட்டேன். அந்த வீட்டுக்கு ஒரு கை. யாரு கையா இருந்தா எனக்கென்ன? கோமதியே வந்தாலும் சரிதான். பெரியாளு வந்தா ஆபீஸுக்கு இன்னும் நல்லது. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அவ எங்கிட்டு வர?"

கலரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கோமதியே போயிருக்கலாம். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தால் போதும். அந்த ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கென்று சம்பளம் வாங்கிய இரண்டு பேர் நானும் சுப்பக்காவும். ஆனால் வண்டி வருவது விடியற்காலை ஐந்து மணிக்கு. நாங்கள் திறப்பது ஒன்பது மணிக்கு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை எடுக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சாயங்காலம் தொட்டிலை எட்டிப் பார்த்துத் தடுப்பூசியைப் பற்றி மட்டும் கேட்டேனே, அப்போது இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்: "நீயே வேலைக்குப் போக என்ன வேணும், கோமதி?" அவள் பதில் சொல்லியிருப்பாள். அது என் கையில் இருந்த பதில்.

பிறகு அதைச் செய்தேன். மேற்பார்வையாளர் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். அவர் மேலே எழுதினார். மேலிருந்து பதில் வரவில்லை. ஐப்பசியில், "பதில் வரும்வரை நீ செய்வது எனக்குத் தெரியாது" என்றார். அதுதான் அவரால் தர முடிந்த அனுமதி. நானும் சுப்பக்காவும் முறைவைத்து விடியற்காலையில் திறந்தோம். கைக்குழந்தைகளுக்கு இரண்டு தொட்டில் கட்டினோம். கோமதி வண்டிக்குப் போனாள். நான் பொன்னுத்தாய் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன்.

அவள் வரவில்லை. தொடர்ந்து வராததால் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். அது பெரிய தடை இல்லை, தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் அதற்குள் அந்த வீடு அவள் வருமானத்துக்குப் பழகிவிட்டது. அவளும் பழகிவிட்டாள். ஒரு விடியற்காலை வண்டிக்கு நிற்கும்போது கேட்டேன்.

"அதான் அம்மா போறாளே. நீ ஏன் போற? வா, சாரிட்ட நான் பேசுதேன்."

"அம்மாவும் நானும் சேந்து போறது நல்லாயிருக்கு, டீச்சர். ஜன்னலோரம் எனக்குன்னு எடம் போட்டு வைப்பாவ." இடுப்பிலிருந்த தம்பியை இறக்கி, "தம்பிக்குச் சோறு குழைச்சு ஊட்டணும். பருக்கையாக் கொடுத்தாத் துப்பிருவான்," என்று சொல்லிக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனாள்.

ஒரு கை போன வீட்டிலிருந்து இப்போது இரண்டு கை போயிற்று.

வல்லியைப் பள்ளியில் சேர்த்தது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை, இருமல்காரி. அந்த ஆபீஸ் கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்கக் கூடாது. கோமதி வீட்டில் எல்லாவற்றையும் கேட்டிருந்தாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. பயிற்சியில் நமக்கு ஒரு பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தருகிறார்கள். அதன் எடை, பேச்சு, கை, கால், பயம் எல்லாவற்றையும் பார்க்கத் தெரிகிறது. ஆனால் பிள்ளை தனியாக வருவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாள். ஒரு பிள்ளையை ஒரு இடத்திலிருந்து எடுக்கும்போது அந்த இடம் காலியாக இருக்குமா, அதில் யாரை வைப்பார்கள் என்று, எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கேட்பவள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. நான் அப்படித்தான் போனேன்.

குச்சி விளையாட்டை அந்த ஆண்டே நிறுத்திவிட்டேன். புதியம்புத்தூர்த் தையற்கடைகளிலிருந்து துண்டுத்துணி வாங்கி, பெரிய பொத்தான் வைத்துத் தைத்து, மாட்டிக் கழற்றக் கொடுத்தோம். "அடுத்தாப்பல தையல்காரர் வந்து நிப்பாரு பாருங்க," என்றாள் சுப்பக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைய நிலை இது. வல்லி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தொட்டிலில் கிடந்த தம்பி நான்காம் வகுப்பு. பொன்னுத்தாய் அதே ஆபீஸில் லேபிள் ஒட்டும் பகுதியில் இருக்கிறாள். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்த ஊருக்கு இப்போது இரண்டு வண்டி வருகிறது. எனக்கு மாற்றல் வந்தபோது, விடியற்காலைப் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாருக்கும் உத்தரவு இல்லை. பால்வாடி மறுபடியும் ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது.